ஊர்க் கழகம் தோற்றுக்கொண்டே இருக்கிறது, விட்டுவிடலாமா?

கேள்வி:

மதிப்புக்குரிய உளவளத்துணையாளருக்கு,

எனக்கு 54 வயது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியை ஒட்டிய ஒரு கிராமம். ஊரின் பெயரையும் கழகத்தின் பெயரையும் போட வேண்டாம். அப்பா படித்த வாலிபர் திட்டத்தில் காணி கிடைத்து இங்கே வந்தவர். மிளகாய் நல்ல விலை போன அந்தக் காலத்தில் அவரும் கூட்டாளிகளும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பந்து வாங்கினார்கள். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் விளையாட்டுக் கழகம். 8 வயதில் கோல் கம்பத்துக்குப் பின்னால் பந்து பொறுக்கப் போனவன் நான். பிறகு பத்து வருடத்துக்கு மேல் பின்களத்தில் விளையாடினேன். 1997இல் நாங்கள் கிண்ணம் எடுத்தோம். அந்த அணியில் 5 பேர் 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெடியள்.

2009இல் எல்லாம் போய்விட்டது. கழகத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி முள்ளிவாய்க்கால் வரைக்கும் கொண்டுபோனேன். அங்கிருந்து மனிக்பாம் முகாமுக்கும் கொண்டுபோனேன். அதில் கடைசியாக எழுதியிருப்பது 2008இல் நடந்த கூட்டம். எழுதியவன் எங்கள் செயலாளர், எங்கள் கோல் காப்பாளர், என் கூட்டாளி. அவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. 2011இல் ஊருக்கு வந்து கழகத்தை நாங்கள் திரும்பத் தொடங்கினோம். இப்போது குறிப்பு எழுதுவது ஒரு சீ.ஆர். கொப்பியில். பழைய புத்தகம் என் அலுமாரியில் இருக்கிறது.

இரண்டு வருடமாக ஒரு போட்டியும் வெல்லவில்லை. விளையாடக்கூடியவன் எல்லாம் வெளிநாடு போய்விட்டான். நான் பழக்கியெடுத்த என் அக்காவின் மகன் பக்கத்து ஊர்க் கழகத்துக்குப் போய்விட்டான். அங்கே சப்பாத்தும் போக்குவரத்துக் காசும் கொடுக்கிறார்களாம். 8 மாதமாக அவனோடு கதைக்கவில்லை. போன மின்னொளிச் சுற்றுப்போட்டியில் எங்கள் கழகத்துக்காக விளையாடிய பெடியள் இருக்கிறாங்களே, அவங்கள் 6 கோல் வாங்கினாங்கள். பின்களத்தில் நின்ற 17 வயதுப் பெடியனை எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டேன். அவன் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. ஜேர்சி அடிக்க மனைவியின் சங்கிலியை அடைவு வைத்தேன், இன்னும் மீட்கவில்லை. மனைவி கதைப்பதைக் குறைத்துவிட்டா. “அது செத்த கழகம், விடுங்கோ அப்பா” என்கிறான் மகன். அவன் மன்செஸ்டர் யுனைட்டெட் பைத்தியம். 2025 மே மாதம் அந்த அணி இறுதிப் போட்டியில் தோற்ற இரவு விறாந்தையில் இருந்து அழுதான். நானும் எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

போட்டிக்கு முதல் நாள் எனக்கு நித்திரை இல்லை. தோற்றால் இரண்டு மூன்று நாள் சாப்பாடு இறங்காது. விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் ஒரு சொல்லைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டேன். 1997ஐப் பற்றி எழுதும்போது “நாங்கள் கிண்ணம் எடுத்தோம்” என்கிறீர்கள். 2011ஐப் பற்றி எழுதும்போதும் “நாங்கள்”தான். போன சுற்றுப்போட்டி வந்ததும் “அவங்கள் 6 கோல் வாங்கினாங்கள்” என்று மாறிவிடுகிறது. நீங்கள் யோசித்து அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள், கை தானாக எழுதியிருக்கும். நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

1976இல் அமெரிக்காவில் றொபேட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்கலைக்கழக அணி வென்ற கிழமைகளில், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட உடுப்போடு வருகிற மாணவர்கள் கூடினார்கள். மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்ற ஆட்டத்துக்கு “நாங்கள்” என்ற சொல் அதிகம் வந்தது, தோற்ற ஆட்டத்துக்குக் குறைந்தது. அவர்கள் பார்த்தது அமெரிக்காவின் உதைபந்தாட்டம். நாங்கள் விளையாடுவதிலிருந்து வேறு விளையாட்டு. ஆனால் மனித மனசு ஒன்றுதான்.

உங்கள் நிலைமை அந்த மாணவர்களுடையதை விடக் கடினம். அவர்கள் தோற்ற கிழமை வேறு உடுப்பைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். நீங்கள் “அவங்கள்” என்று சொல்லிவிட்டும் நித்திரை இல்லாமல் கிடக்கிறீர்கள், சாப்பிடாமல் இருக்கிறீர்கள். கழகம் உங்களை விட்டுப் போகவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. எனக்குப் படுவது இதுதான்: இப்போது விளையாடுகிற பெடியளை உங்கள் “நாங்கள்” என்பதற்குள் நீங்கள் இன்னும் எடுக்கவில்லை. உங்கள் கழகம் 2008இல், அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நிற்கிறது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, கடிதத்திலும் இருக்கிறது. உங்கள் கூட்டாளியைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிக நேரம் நின்றது அந்த இரண்டு வரியில்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் எட்டு இருக்கிறது, அந்தியேட்டி இருக்கிறது, ஆட்டைத் திவசம் இருக்கிறது. அழுவதற்கு ஒரு நாள், ஆட்கள் வந்து பக்கத்தில் இருக்க ஒரு நாள், மெல்ல எழும்பி வேலைக்குப் போக ஒரு நாள் என்று ஊரே ஒழுங்கு செய்து வைத்திருக்கிறது. தகவல் இல்லாமற்போனவருக்கு இதில் ஒன்றும் செய்ய முடியாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கிய தாய்மாரிடம் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். போலின் பொஸ் என்ற அமெரிக்கக் குடும்ப உளவளத்துணையாளர், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்தவர். முடிவு தெரியாத இழப்பு என்று ஒன்று இருக்கிறது, அது மற்ற இழப்புகளைப் போல ஆறாது என்று எழுதினார். அப்படிப்பட்டவர்களிடம் “மறந்துவிடுங்கள், முடிந்துவிட்டது” என்று சொல்லக்கூடாது என்பது அவருடைய பாடம். நானும் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

முறை இல்லாதபோது மனசு தானே ஒன்றைத் தேடிக்கொள்ளும். ஒருவர் உடுப்பைத் தோய்த்து மடித்து வைப்பார். இன்னொருவர் நல்ல நாளில் ஒரு கோப்பை கூடுதலாக வைப்பார். நீங்கள் கழகத்தை வைத்திருக்கிறீர்கள். அவர் ஒரு நாள் வந்து நின்றால், “இந்தா, நீ விட்டுவிட்டுப் போன மாதிரியே இருக்கிறது” என்று காட்டுவதற்காக. இது என் ஊகம். பிழையென்றால் அடுத்த கடிதத்தில் திருத்துங்கள். சரியென்றால், ஒரு பெடியன் விட்ட கோல் உங்களுக்கு வெறும் கோலாக இருக்க முடியாது. உங்களிடம் ஒப்படைத்த ஒன்றை அவன் கைதவறிப் போட்டுவிட்டது போல இருந்திருக்கும். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

ஆனால் அண்ணா, அந்தப் பெடியனுக்கு 17 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பார்த்தால் அவன் 2008ஐ ஒட்டிப் பிறந்தவன். புத்தகத்தின் கடைசிப் பக்கம் எழுதப்பட்ட காலத்தில் பிறந்த பிள்ளை. நீங்கள் அந்தப் பொலித்தீன் பையோடு நடந்த அதே பாதையில், யாரோ ஒருவரின் இடுப்பில் அவனும் வந்திருப்பான். அவனுக்கு 1997 தெரியாது. கிண்ணம் தெரியாது. தோற்கும் என்று தெரிந்தும், விளக்கு வெளிச்சத்தில், ஊர் பார்க்க, அந்த ஜேர்சியைப் போட்டுக்கொண்டு பின்களத்தில் நின்றான். நீங்கள் பத்து வருடம் நின்ற அதே இடத்தில்.

அவன் வீட்டுக்கு இந்தக் கிழமையே போங்கள். ஆள் அனுப்ப வேண்டாம், தொலைபேசியில் சொல்லவும் வேண்டாம். தாய் தகப்பன் இருக்கும்போது போய், “அன்றைக்கு நான் ஏசினது பிழை, தம்பி” என்று சொல்லுங்கள். ஏசியது எல்லோருக்கும் முன்னால், ஆகையால் மன்னிப்பும் நாலு பேர் கேட்கச் சொல்வதுதான் நியாயம். திரும்ப விளையாட வா என்று அந்த நேரத்தில் கேட்காதீர்கள். கேட்டால், அவனுக்காக வந்தீர்களா, ஆள் பற்றாமல் வந்தீர்களா என்று அவனுக்கு விளங்காமற் போய்விடும்.

உங்கள் மருமகனின் விசயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். 1997இல் கிண்ணம் எடுத்த அணியில் 5 பேர் யாழ்ப்பாணத்துப் பெடியள் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அவர்களுக்கும் அங்கே ஊரும் கழகமும் இருந்திருக்கும். பாசையூர், நாவாந்துறைப் பக்கத்துப் பிள்ளைகளென்றால் பந்தோடு பிறந்தவர்கள் என்றே சொல்வார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் ஒரே இரவில் எல்லாவற்றையும் விட்டு வந்து, ஒரு கொட்டிலில் இருந்துகொண்டு, உங்கள் ஜேர்சியைப் போட்டார்கள். ஊர்க் கழகத்துக்குத் துரோகம் செய்கிறார்கள் என்று அன்றைக்கு நீங்கள் நினைத்தீர்களா? சோறு போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வந்திருப்பீர்கள். அவர்கள் வந்தது போரால், இவன் போனது சப்பாத்தால், இரண்டும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்று இல்லைத்தான். ஆனாலும் ஒரு பெடியன் விளையாடக்கூடிய வயது பத்து, பன்னிரண்டு வருடம். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு சோடி சப்பாத்து சின்ன விசயம் இல்லை. உங்களிடம் பழகிய விளையாட்டை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோக ஒரு வழி கிடைத்தது, போனான். அவன் ஓடும் விதத்திலும் பந்தைத் தடுக்கும் விதத்திலும் நீங்கள் இருக்கிறீர்கள். அவன் விளையாடும் போட்டிக்கு ஒரு நாள் போய் ஓரத்தில் நில்லுங்கள். உங்கள் கழகத்தோடு மோதும் போட்டியாக இல்லாமல் வேறொன்றாகப் பார்த்துப் போங்கள், முதல் தரத்துக்கு அது இருவருக்கும் இலகு. முடிந்ததும் “இடது கால் இன்னும் சரிவரவில்லை” என்று ஏதாவது சொல்லுங்கள். தாய்மாமன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தால் போதும், எட்டு மாதம் கரைந்துவிடும்.

சங்கிலி. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. உங்கள் மனைவி கதைப்பதைக் குறைத்தது நியாயம். அடைவுக் கடையின் வட்டி ஏற ஏற, கழகம் என்ற சொல்லே அந்த வீட்டில் கசந்துபோகும். அடுத்த பருவத்துக்கு ஜேர்சி இல்லையென்றால் பழையதைத் தோய்த்துப் போடட்டும், சுற்றுப்போட்டிக்குக் காசு இல்லையென்றால் போகாமல் இருக்கட்டும். முதலில் சங்கிலி வீட்டுக்கு வர வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பழைய வீரர்களிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். ஆனால் கழகத்தின் பெயரில், நிர்வாகத்துக்குத் தெரிந்து, கணக்கோடு கேளுங்கள். வீட்டுக் காசு கழகத்துக்குள் போவது இத்தோடு முடியட்டும். சங்கிலியை மீட்டுக் கொடுக்கும்போது இதை அவவிடம் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

இனி மகன். அவன் சொன்ன “செத்த கழகம்” உங்களை எவ்வளவு குத்தியிருக்கும் என்று விளங்குகிறது. ஆனால் அவனும் உங்களைப் போலத்தான் இருக்கிறான். அவனுடைய மன்செஸ்டர் யுனைட்டெட் கடைசியாக லீக் வென்றது 2013இல், அப்போது அவன் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பான். 2024–25 பருவத்தில் அந்த அணி 15ஆம் இடத்தில் முடித்தது. யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் டொட்டன்ஹாமிடம் 1–0 என்று தோற்றபோது எங்கள் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டியிருந்தது, மே 22 ஆகிவிட்டது. முள்ளிவாய்க்கால் நினைவு நாள் கழிந்து நாலாம் நாள். அந்தக் கிழமையில் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் மனசு சரியாக இருக்காது. உங்கள் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட இரவில் நீங்கள் எழும்பிப் போய் மகனுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். “அது தோற்கிற கழகம், விட்டுத்தள்ளு” என்று நீங்கள் சொன்னதாக எழுதவில்லை. சும்மா இருந்தீர்கள். உங்களுக்கு என்ன வேண்டுமென்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அதைத்தான் அவனுக்குக் கொடுத்தீர்கள்.

அவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அதே மன்செஸ்டர் யுனைட்டெட் 1974இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஐரோப்பியக் கிண்ணம் வென்று 6 ஆண்டுதான் ஆகியிருந்தது. இறங்கிய அந்தப் பருவத்திலும் மைதானம் காலியாகவில்லை. இங்கிலாந்தின் எந்தக் கழகத்தையும்விட அதிக கூட்டம் சராசரியாக அங்கேதான் வந்தது. அடுத்த ஆண்டே மேலே ஏறினாலும், 1967க்குப் பிறகு லீக்கை வெல்ல 1993 வரை, 26 ஆண்டு போனது. இடையில் அழுதவர்களின் பிள்ளைகள்தான் பிறகு சிரித்தார்கள். இதைத் தகப்பனும் மகனும் சேர்ந்து கதைக்கலாம். உங்கள் கழகத்தைப் பற்றிக் கதைக்க அது ஒரு வாசலாகவும் இருக்கும்.

கழகம் செத்துவிட்டதா என்ற கேள்விக்கு, புள்ளிப் பட்டியலைப் பார்த்து நான் பதில் சொல்ல மாட்டேன். ஊரில் ஒரு செத்த வீடு என்றால் தறப்பாள் கட்டுவது யார்? கதிரை தூக்கி வருவது யார்? வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுவது, வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடத்துக்குச் சாமான் ஏற்றுவது, இரத்ததான முகாம் வைப்பது எல்லாம் யார்? வன்னியில் இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் விளையாட்டுக் கழகப் பெடியள்தான். உங்கள் ஊரிலும் அப்படியென்றால், அந்தக் கழகம் ஒரு கோலும் போடாமலே உயிரோடு இருக்கிறது.

இரத்ததானம் என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. நான் மிகவும் விரும்பும் கதை. ஜேர்மனியில், கிழக்கு பேர்லினில், யூனியன் பேர்லின் என்று ஒரு கழகம். 2003இல் தோற்றுத் தோற்றுக் கிடந்தபோது, நத்தாருக்கு முன்னால் 89 பேர் பூட்டிய மைதானத்துக்குள் களவாகப் போய் நத்தார்ப் பாட்டுப் பாடிவிட்டு வந்தார்கள். ஆளுக்கு ஆள் வாழ்த்துக்கூடச் சொல்லிக்கொள்ளாமல் பிரிந்த பருவம், அந்தக் குறையைத் தீர்க்க என்று. அடுத்த ஆண்டு கழகம் லீக்கில் தொடர ஒரு பெரிய தொகை கட்ட வேண்டி வந்தது. அங்கே இரத்தம் கொடுத்தால் சிறு தொகை கொடுப்பார்கள். ரசிகர்கள் இரத்தம் கொடுத்து அந்தக் காசைக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். அப்படியும் 2005இல் நாலாம் பிரிவுக்கு விழுந்தார்கள். 2008இலும் 2009இலும், நாங்கள் இங்கே போருக்குள் இருந்த அதே மாதங்களில், 2,000க்கு மேற்பட்ட ரசிகர்கள் அந்த மைதானத்தைத் தங்கள் கையாலேயே திருத்திக் கட்டினார்கள். நாங்கள் சிரமதானம் என்று சொல்வோமே, அதேதான். 2019இல் முதல் பிரிவுக்கு வந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் கொடுத்தது தங்கள் இரத்தம், தங்கள் உழைப்பு, தங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். வீட்டுக்காரரின் நகை இல்லை.

இங்கிலாந்தில் விம்பிள்டன் என்றொரு கழகம் 1991இல் தன் மைதானத்தை இழந்தது. 2002இல் கழகத்தையே ஏறத்தாழ 90 கிலோமீற்றருக்கு அப்பால் மில்டன் கீன்சுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் போகவில்லை. அதே ஆண்டில் பொதுவெளியில் ஆள் தெரிந்தெடுத்து, ஏ.எப்.சி. விம்பிள்டன் என்று புதிதாகத் தொடங்கி, ஒன்பதாம் பிரிவிலிருந்து விளையாடினார்கள். 2011இல் தொழில்முறை லீக்குக்கு வந்தார்கள். 2020 நவம்பரில், 29 ஆண்டுக்குப் பிறகு, பழைய மைதானம் இருந்த அதே வீதியில் தங்கள் சொந்த மைதானத்துக்குள் கால் வைத்தார்கள். மீள்குடியேற்றம் என்றால் என்னவென்று அவர்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம். ஆனாலும் ஒரு புல்வெளிக்காக 29 ஆண்டு காத்திருந்தவர்கள் உலகத்தில் வேறு இடத்திலும் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கழகத்தில் இப்போது கத்துகிற கூட்டத்தில் பழைய மைதானத்தைக் கண்ணால் காணாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதியவர்கள் அவர்களையும் “நாங்கள்” என்றுதான் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் கழகம் எப்போதோ முடிந்திருக்கும்.

ஆக, விட்டுவிடலாமா என்று கேட்டால், கழகத்தை விட வேண்டாம் என்பேன். டானியல் வான் என்ற உளவியலாளர் பல வருடம் ரசிகர்களைப் பற்றி ஆராய்ந்தவர். தன் சொந்த இடத்து அணியோடு ஒட்டியிருக்கிறவர்களுக்குத் தனிமை உணர்வு குறைவாக இருப்பதை அவர் கண்டார். அதற்கு அணி வெல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பக்கத்தில் ஆட்கள் இருந்தால் போதும். நீங்கள் இப்போது தனியாகக் கிடந்து தோற்கிறீர்கள், அதுதான் உங்களை உருக்குகிறது. ஆனால் நிர்வாகத்தை விடலாம். 2011இலிருந்து ஒரே ஆள் கோடு போட்டு, வலை கட்டி, காசு சேர்த்து, பயிற்சியும் கொடுத்தால் யாருக்கும் நித்திரை வராது. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு வருடம் ஓய்வு கேளுங்கள். அந்த ஒரு வருடம் வெறும் பார்வையாளராக, கச்சான் சுருள் ஒன்றோடு, கோல் கம்பத்துக்குப் பின்னால் நில்லுங்கள், 8 வயதில் நின்ற இடத்தில். அறுவடை நேரத்தில் பயிற்சிக்கு ஆறு பேர் வந்தால் ஆறு பேரைப் பாருங்கள். திறந்த சுற்றுப்போட்டிக்கு ஆள் பற்றாவிட்டால் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஓர் அணி கட்டலாம் என்று இளையவர்கள் யாராவது சொன்னால் குறுக்கே நிற்காதீர்கள்.

நித்திரையும் சாப்பாடும் போட்டி இல்லாத நாட்களிலும் குழம்பினால், அல்லது பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தால், அதைப் பந்தோடு சேர்த்துப் பார்க்காமல் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் கதைக்கலாம். போவதற்கு வெட்கம் தேவையில்லை, இந்தப் பக்கத்தில் போனவர்கள் பலர் இருக்கிறார்கள்.

கடைசியாக அந்தப் புத்தகம். அதை அலுமாரியிலிருந்து எடுங்கள் அண்ணா. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பெடியளுக்கு முன்னால் வையுங்கள். உங்கள் கூட்டாளியின் கையெழுத்து இருக்கும் பக்கத்தை அவர்கள் பார்க்கட்டும். அவர் யார், எப்படிப் பந்து பிடிப்பார், எதற்குச் சிரிப்பார் என்று நீங்கள் சொல்லுங்கள். இத்தனை வருடமாக அதை யாரிடமாவது முழுதாகச் சொல்லியிருக்கிறீர்களோ தெரியாது. அவர் எழுதிய பக்கம் அப்படியே இருக்கட்டும். அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் திகதி போட்டு, போன சுற்றுப்போட்டியின் முடிவை எழுதச் சொல்லுங்கள்: நாங்கள் 0, அவர்கள் 6. கீழே விளையாடிய 11 பேரின் பெயரும் வரட்டும். மைதானத்துக்கு வராமற்போன அந்தப் பிள்ளை அன்றைக்கு வந்திருந்தால், பேனையை அவனிடம் கொடுங்கள்.

எழுதி முடிந்ததும் எனக்கும் ஒரு வரி போடுங்கள்.